அந்த ரிம்முக்கு அந்த டயர் பொருந்தாது

சில வாரங்களுக்கு முன்னால், நான் ஓய்வு பெற்ற திண்டிவனம் டயர் கடைக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சுதா, "அக்கா, இதைப் பாருங்களேன்" என்று போனை நீட்டினாள். ஒரு பழைய புல்லட்டின் வீடியோ. டேங்கில் கறுப்பு பெயின்ட், தங்கக் கோடு, எல்லாம் அழகாக இருந்தது. பின் சக்கரத்தில் மட்டும் பூசணிக்காய் மாதிரி உப்பிய ஒரு தடி டயர். அதற்கு எத்தனையோ பேர் ஹார்ட் விட்டிருந்தார்கள்.

"ஒருத்தர் இதே மாதிரி வேணும்கறாரு அக்கா. அவங்க தாத்தா ஓட்டின வண்டியாம். போட்டுத் தரலாமா?"

"ரிம்மை அளந்தியா?"

"இல்லக்கா. அவரே கேக்கறாரே, நமக்கு என்ன?"

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. சுதா முகம் சுருங்கிப்போய், "ஒரு டயருக்கா அக்கா இவ்ளோ கோவம்?" என்று கேட்டாள்.

ஆமாம், ஒரு டயருக்குத்தான். கத்தியதற்குப் பதிலாக அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. மரக்காணத்தில் உப்பளத்துக் கூலிக் குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு டயர் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கடை முதலாளி புதுச்சேரியில் இருந்தார், எப்போதாவது வருவார். கடையை நடத்தியவர் மேனேஜர் கஜேந்திரன் சார். பில் போடுகிறவளுக்குத் தான் எழுதும் எண்ணுக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், கொஞ்ச நாளில் மேசையை விட்டு எழுந்து வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். பிறகு என் வேலையே அதுவாகிவிட்டது. எந்த வண்டிக்கு எந்த டயர் என்று சொல்வது என் பொறுப்பு. மாட்டுவது ஃபிட்டர் செல்வத்தின் பொறுப்பு. பொம்பளை சொல்லி டயர் போடணுமா என்று கேட்ட ஆட்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் சார் ஒரே பதில்தான் சொல்வார்: "அந்தம்மா சொன்னா நான் சொன்ன மாதிரி."

கஜேந்திரன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. டயர் கடையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஒரே மனிதர் அவர்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அதில் ஒரு கறை இருக்காது. குரல் உயராது. தப்பாக எதையாவது செய்தால் திட்டமாட்டார். செய்ததைப் பிரிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்வார். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

பழைய வண்டி கடைக்குள் வந்தால் அதில் மாட்டியிருக்கும் டயரைப் பார்க்கவே கூடாது என்பது அவருடைய சட்டம். அது முன்னால் யாரோ ஒருவர் எடுத்த முடிவு. அவர் தெரிந்து போட்டாரா, கையில் கிடைத்ததைப் போட்டாரா என்பது நமக்குத் தெரியாது. வண்டியோடு வந்த புத்தகத்தையும் முழுசாக நம்பக்கூடாது. இத்தனை வருஷத்தில் சக்கரத்தையே மாற்றியிருப்பார்கள். "ரிம்மைக் கேளுங்க" என்பார்.

எங்கள் ஊரில் ரிம்மைக் கேட்பது லேசான வேலை இல்லை. சாலைக்குப் பக்கத்திலேயே பாத்தி பாத்தியாக உப்பு. காற்றிலேயே உப்பு. ரிம்மில் அடித்திருக்கும் எண்ணை அந்தக் காற்று தின்றுவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் தேட வேண்டும். எண் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் டயரைக் கழற்றி வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். புதுசாக வந்தவர்கள் எல்லோரும் ரிம்மின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்குத்தான் அளப்பார்கள். டயர் உட்காரும் இடம் உள்ளே இருக்கிறது. உள்சுவரிலிருந்து உள்சுவருக்கு அளந்தால்தான் அது கணக்கு.

பழைய புல்லட்டுக்கு டயர் அளவு 3.25–19 என்று இருக்கும். முன்னால் இருப்பது டயரின் அகலம், பின்னால் இருப்பது ரிம்மின் விட்டம், இரண்டும் இன்ச்சில். இப்போது வருகிற டயர்களில் அதையே 90/90–19 என்று போடுகிறார்கள். அகலம் மில்லிமீட்டரில், நடுவில் இருப்பது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. இதில் 19 ஒத்துப்போனால் போதும், முன்னால் உள்ளதைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று நினைக்கிறார்கள். 3.50 வரைக்கும் பழைய ரிம் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தாங்காது.

தாங்காது என்றால் மாட்ட முடியாது என்று அர்த்தம் இல்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஏறாத டயரை யாரும் போடமாட்டார்கள். இது ஏறிவிடும், காற்றும் நிற்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் குறுகிய ரிம் அதன் அடியை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்துக்கொள்வதால் முதுகு கூனி, பக்கம் வெளியே பிதுங்கி நிற்கும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது வண்டி நம் பேச்சைக் கேட்காது. அதோடு செயின் கவர், மட்கார்டைத் தாங்கும் கம்பி என்று பக்கத்தில் இருப்பவற்றுக்கும் டயருக்கும் நடுவே இடமும் போய்விடும். அதனால் சார் டயரை மாட்டிய பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பின்னால் ஓர் ஆளை உட்கார வைப்பார். பாரம் ஏறின பிறகும் எல்லாப் பக்கமும் சுண்டு விரல் நுழைய வேண்டும். பெரும்பாலும் உட்கார வைக்கப்படும் ஆள் நான்தான்.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் கேட்ட அளவு கடையில் இருந்தது. சார் ரிம்மை அளந்துவிட்டு, "உங்க பின் சக்கரம் வேற வண்டியுதுங்க. நீங்க கேக்கற டயர் இதுல உக்காராது. சரியானது எங்ககிட்ட இல்ல. புதுச்சேரியில கெடைக்கும்" என்று கடையின் பெயரையும் சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் வியாபாரம் பண்ணத் தெரியாத கடை என்று திட்டிக்கொண்டே போனார். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இன்னொரு நாள், கிடங்கின் மூலையில் ஒரு டயர் கிடைத்தது. ஒரு நாளும் ஓடாதது. மேலே இருக்கும் ரப்பர் முடிகூட உதிராத புதுசு. அதன் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைப் படித்துப் பார்த்தார். எந்த வருஷத்து எந்த வாரத்தில் செய்தது என்று சொல்லும் எண் அது. பிறகு டயரை வளைத்துக் காட்டினார். ரப்பரில் தலைமுடி மாதிரி விரிசல்கள். வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, அதைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் போட்டார். "இங்க இருந்தா யாராவது ஒருத்தர் அவசரத்துக்கு வித்துடுவாங்க" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒன்றும் தெரியாத ஒருவர் செய்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு ரிசார்ட் வந்தது. சென்னையிலிருந்து சனி ஞாயிறு வருகிறவர்களைப் பழைய புல்லட்டில் பின்னால் உட்கார வைத்து, கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை கூட்டிவந்து உப்பளத்தைக் காட்டுவது அவர்களுடைய ஒரு வியாபாரம். அதற்காகப் பழைய வண்டிகளை எங்கிருந்தோ வாங்கிப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார்கள். வண்டி ஓட்டுவதற்கு எங்கள் ஊர் ஆட்கள். அவர்களில் ஒருவர் ஏழுமலை. அவர் மனைவி வசந்தா உப்பளத்தில் வேலை செய்கிறவள். ஏழுமலையும் முன்னால் உப்பு வாரியவர்தான். வண்டி நிதானமாக ஓட்டுவார் என்பதால் ரிசார்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். காலை முதல் பாத்தியில் நின்றவருக்கு அது பெரிய விடுதலை.

ஒரு நாள் ரிசார்ட் மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தார். சிரித்த முகம், சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி. எல்லா வண்டிக்கும் பின்னால் 4.00–19 டயர் வேண்டும் என்றார். போனில் படம் காட்டினார்.

கஜேந்திரன் சார் ஒரு வண்டியை உள்ளே தள்ளி வரச் சொல்லி, வழக்கம்போல ரிம்மைத் துடைத்து, அளந்து, "இதுக்குப் பொருந்தாதுங்க. மூணேகால் போட்டுக்குங்க, இல்லன்னா மூணரை. அதுக்கு மேல வேணாம்" என்றார்.

"சார், கெஸ்ட் எல்லாம் போட்டோ எடுக்கறாங்க. ஒல்லியா இருந்தா நல்லா இல்ல."

"போட்டோவுக்கு நல்லா இருக்கும். ரோட்டுக்கு நல்லா இருக்காது."

அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! ரிசார்ட் மேனேஜர் வாதாடவில்லை. வெளியே போய் நின்று யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. புதுச்சேரியிலிருந்து முதலாளி. சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க... சரிங்க... இல்லைங்க, சொன்னேன்... சரிங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் செல்வத்திடம் சொன்னார்.

"நாலு–பத்தொம்போது எடுத்துட்டு வா. போட்டுடு."

நான் எழுந்தேன். "சார், செயின் கவர்ல இடிக்கும்."

"கவரை வெட்டிக்கலாம்."

"மட்கார்டு கம்பி?"

"கொஞ்சம் வெளிய தள்ளிக்கலாம்."

"சார், இப்பதானே நீங்களே பொருந்தாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்மா. கேக்கல. அவங்க கேக்கறாங்க, நாம போடறோம். ரிஸ்க் அவங்களுது."

ரிஸ்க் அவங்களுது! யாருடையது? காசு கொடுக்கிற ரிசார்ட் மேனேஜர் அந்த வண்டியில் ஒரு நாளாவது உட்காரப் போகிறாரா? முதலாளி உட்காரப் போகிறாரா? நான் இதைச் செய்யமாட்டேன் சார் என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய்விட்டேன். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. செல்வம் செயின் கவரை வெட்டினார். ரம்பம் போடும் சத்தம் அன்று முழுக்கக் கேட்டது. மாட்டி முடித்த பிறகு யாரையும் பின்னால் உட்காரச் சொல்லவில்லை. விரல் விட்டுப் பார்க்கவும் இல்லை. விட்டுப் பார்த்தால் விரல் நுழையாது என்று அவருக்கே தெரியும்.

வண்டி எடுக்க ஏழுமலை வந்தபோது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏம்பா, இது உன் வண்டிக்குச் சரியான டயர் இல்ல. ரெண்டு பேரு உக்காந்தா ஒரசும். உங்க மேனேஜர்கிட்ட சொல்லு."

அவர் சொன்னார். சொன்னதோடு, ஓட்ட ஆரம்பித்த பிறகு சத்தம் வருகிறது என்றும் சொன்னார். புது டயர் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. ஏழுமலைக்கு மனசு கேட்காமல் வண்டியை எங்கள் கடைக்கே கொண்டுவந்தார். "சார், பின்னாடி ஆள் ஏறினா சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வருதுங்க." கஜேந்திரன் சார் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு செல்வத்தை விட்டு மட்கார்டு கம்பியைச் சுத்தியலால் இன்னும் கொஞ்சம் வெளியே தட்டச் சொல்லி அனுப்பினார்.

அன்று நான் முதலாளிக்கே போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் கஜேந்திரன் பாத்துப்பாரும்மா. அவருக்குத் தெரியாததா?" என்றார். கஜேந்திரன் சாரிடம் போனேன். "முதலாளிகிட்ட பேசிட்ட இல்ல? அவரு என்ன சொன்னாரோ அதான்" என்றார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக எல்லோரும் ஒளிந்துகொண்டார்கள். வரிசையின் கடைசியில் ஒளிய இடம் இல்லாமல் வண்டியில் உட்கார்ந்திருந்தவர் ஏழுமலை.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நடந்தது. பின்னால் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. பின் டயர் வெடித்தது. வண்டியின் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரக் கல்லில் மோதியது. அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. ஏழுமலையின் வலது கால் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி முட்டி நொறுங்கிவிட்டது.

அவர் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே ரிசார்ட் மேனேஜர் போலீசில் புகார் கொடுத்தார். ஓட்டுநர் கண்மூடித்தனமான வேகத்தில் போனார் என்று புகார். அது மட்டும் இல்லை. அந்தப் பெரிய டயரை ஏழுமலையே தன் ஆசைக்கு, ரிசார்ட்டுக்குத் தெரியாமல் மாற்றிக்கொண்டார் என்றும் சொன்னார். எங்கள் கடைக்குள் நின்று, போனில் படம் காட்டி, ஒல்லியாக இருந்தால் நன்றாக இல்லை என்று சொன்ன அதே வாய்!

இரண்டு நாள் கழித்து வசந்தா கடைக்கு வந்தாள். பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவை ஓரத்தில் உப்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. கஜேந்திரன் சார் அவர் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அவரு மேல கேசு போட்டுட்டாங்க. டயரு யாரு போடச் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும்னு அவரு சொல்றாரு. ஸ்டேஷனுக்கு வந்து சொல்வீங்களா?"

"வரேன்" என்றேன்.

சார் தலை நிமிரவில்லை. "பாத்து போம்மா. முதலாளி காதுக்குப் போகும்" என்று மட்டும் சொன்னார். மிரட்டலா, அக்கறையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஸ்டேஷனில் நான் பார்த்ததைச் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பில்லைக் கேட்டு, எங்கள் பில் புத்தகங்கள் போய்ச் சேரும் முதலாளி ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் தேடி முடிக்கவே இல்லை. பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வரும் நாளில் என்னையும் கஜேந்திரன் சாரையும் ரிசார்ட் மேனேஜரையும் வரச் சொன்னார்கள்.

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டி கிடந்தது. ஆய்வாளர் வயசான மனிதர், அதிகம் பேசவில்லை. டயரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அதன் பக்கச் சுவரில் ஒரே வட்டமாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் பிரிந்து தெரிந்தது. எதிரே மட்கார்டு கம்பியின் போல்ட் முனை. வண்டி முழுக்கத் துரு ஏறத் தொடங்கியிருக்க, அந்த முனை மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இது ஒரு நாள்ல தேஞ்சது இல்ல. ஓட ஓட அறுத்திருக்குது. வேகத்துல வெடிக்கல" என்றார். "சரி, இந்த டயரை யாரு போட்டது?"

"டிரைவரே போட்டுக்கிட்டாரு சார்" என்றார் ரிசார்ட் மேனேஜர்.

"எங்க கடையில போட்டது சார். இவருதான் வந்து கேட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கஜேந்திரன் சார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. யாரு கேட்டாங்க?"

சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எவ்வளவோ வண்டி வருதுங்க. ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம். எந்த வருஷம் எந்த வண்டிக்கு எந்த ரிம் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர். வசந்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அப்போது என் கண் வாசல் பக்கம் போனது. சார் வந்த வண்டி அங்கே நின்றது. அவருடைய அப்பா காலத்துப் பழைய புல்லட். அதில்தான் அவர் தினமும் கடைக்கு வருவார்.

"சார், உங்க புல்லட்டுல பின்னாடி என்ன டயர் போட்டிருக்கீங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க சார். எல்லாரும் பாக்கற மாதிரி அங்கதானே நிக்குது."

"மூணேகால்."

"ஏன் சார் நாலு போடல? நம்ம முதலாளி ஒரு போன் பண்ணா உங்க வண்டிக்கும் போட்டுடுவீங்களா? உங்க பையனைப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போறீங்களே, அவன் உக்கார்ற வண்டிக்கு?"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஏம்மா, மெதுவா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஆனால் என்னைத் தடுக்கவில்லை. கஜேந்திரன் சாரின் வெள்ளைச் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரிசார்ட்டுலதாங்க கேட்டாங்க. பொருந்தாதுன்னு சொன்னேன். முதலாளி போடச் சொன்னாரு. போட்டேன். ஏழுமலை சத்தம் வருதுன்னு வந்தப்பவும் எனக்குத் தெரியும்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். ரிசார்ட் மேனேஜர் வெளியே போய்ப் போன் பேச ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டார் என்று பிற்பாடு பலர் கஜேந்திரன் சாரைப் புகழ்ந்தார்கள். நான் புகழமாட்டேன். ஒரு பெண் வாய் விட்டுக் கேட்ட பிறகு, வேறு வழி இல்லாமல் வந்த உண்மை அது. மட்கார்டு கம்பியைத் தட்டச் சொன்னாரே, அந்த நாளில் வந்திருந்தால் ஒரு முட்டி தப்பித்திருக்கும். மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை; அதற்குப் பிறகும் வரவில்லை. என்னையும் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். திண்டிவனத்தில் வேறு கடையில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்து, அங்கேயே வேலையை முடித்தேன். கஜேந்திரன் சாரை அதற்குப் பிறகு ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். "இருக்கேன் சார்" என்றேன். அவ்வளவுதான்.

ஏழுமலை மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். அவர் மெதுவாகத்தான் ஓட்டினார் என்று அந்தச் சென்னை அம்மாவும் எழுதிக் கொடுத்தாராம். ஆனால் முட்டி முட்டிதானே? கம்பி வைத்துச் சேர்த்த கால் மடங்கவே இல்லை. மடங்காத காலோடு வண்டியும் ஓட்ட முடியாது, பாத்தியிலும் குனிய முடியாது. உப்பு லாரி எடை போடும் இடத்தில் நின்றபடி செய்யும் வேலை ஒன்று கிடைத்தது.

அவர் ஓட்டுநர் உரிமமும் வேறு சில காகிதங்களும் ரிசார்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தன. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க கூட வர்றீங்களா?" என்றார். போனோம். வாசலில் காக்க வைத்தார்கள். பக்கத்தில் கூரைக்கு அடியில் அந்தப் பழைய புல்லட்டுகள் வரிசையாக நின்றன. சும்மா பார்த்த நான் கிட்டே போனேன். ஒவ்வொரு வண்டியிலும் பின் டயர் 3.25. வெட்டிய செயின் கவர்களுக்குப் பதிலாகப் புதுக் கவர். வளைத்த கம்பிகளை நேராக்கியிருந்தார்கள். வேறு ஏதோ ஊரில் செய்திருக்கிறார்கள். டயர்களின் தேய்மானத்தைப் பார்த்தால் விபத்து நடந்த கையோடு மாற்றியது தெரிந்தது. அதாவது வேகம்தான் காரணம் என்று ஸ்டேஷனில் சத்தியம் செய்துகொண்டிருந்த அதே நாட்களில்.

ரிசார்ட் மேனேஜர் காகிதங்களோடு வந்தார். நாங்கள் வண்டிகளைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அதே சிரிப்போடு, "சேஃப்டிக்காக எல்லாத்தையும் மாத்திட்டோம்" என்றார்.

ஏழுமலை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு வண்டியின் பின் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது. கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"நான் சத்தம் வருதுன்னு சொன்னப்பவே இதை மாத்தியிருக்கலாம் இல்லைங்களா சார்?"

அந்த மனிதர் காகிதங்களை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மரக்காணம் பஸ் வந்தது. பாதி காலியாக இருந்தது. அவருடைய மடங்காத காலை நீட்டச் சீட்டுகளுக்கு நடுவே இடம் போதவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க உக்காருங்கக்கா, எடம் இருக்குதே" என்றார். கண்டக்டரும் சொன்னார். மரக்காணம் வரை நானும் நின்றுகொண்டேதான் வந்தேன்.